எனாமல் பூசிய 1887 டபுள் ஃப்ளோரின்: வாங்கலாமா?

டபுள் ஃப்ளோரின் என்பது பிரிட்டனின் நான்கு ஷில்லிங் வெள்ளி நாணயம். விக்டோரியா காலத்து பர்மிங்ஹாம் எனாமல் வேலைப்பாட்டைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நாணயம் இல்லை. 36 மி.மீ. அகலம், நான்கு கேடயங்கள் (இங்கிலாந்துக்கு மட்டும் இரண்டு), ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நிறம்: இங்கிலாந்தின் சிங்கங்களுக்குச் சிவப்புப் பின்னணி, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்தின் யாழுக்கு நீலம்.

நாணயத்தின் மேல் சாயம் தடவியதல்ல இது. உருவத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வெள்ளியை உளியால் குடைந்து, பள்ளத்தில் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் உருக்கி, மேற்பரப்பு சமமாகும்வரை தேய்த்திருக்கிறார்கள். சிங்கத்தின் கால்களுக்கு இடையிலும் நிறம் கரை தாண்டாமல் நின்றால், அது தேர்ந்த கை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைக்கண்ணாடி வில்லையில்) முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவை புரூச்சாக, அதாவது ஆடையில் குத்தும் நகையாக, அணியப்பட்டவை. ஊசியைக் கழற்றிய இடத்தில், அரசியின் முகத்தில் பற்றாசுத் தழும்பு இருக்கும். அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஒதுக்க வேண்டாம். எனாமல் பெயர்ந்த இடத்தில் பிசின் அடைத்திருப்பதுதான் பெரிய குறை. புற ஊதா விளக்கில் அந்த இடம் பெரும்பாலும் தனியாக ஒளிரும்.

எடை நாணயத்தின் வழக்கமான 22.6 கிராமிலிருந்து சற்று மாறினால் பயப்பட வேண்டாம், வெள்ளியைக் குடைந்திருக்கிறார்களே! சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வுத்) தொட்டியில் மட்டும் போடாதீர்கள்; பழைய மயிரிழை விரிசல் பெரிதாகி எனாமல் உதிரும். ஈரத்துணி போதும்.