பழைய ஏர் இன்டேக் கிட்டுக்குப் புதுப்பேட்டை ரப்பர்: எது தாங்குகிறது, எது தாங்கவில்லை

கம்பெனி வைத்ததற்குப் பதிலாக வெளியில் வாங்கி மாட்டும் ஆஃப்டர்மார்க்கெட் ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பைப்பும் ஃபில்டரும், பழசாகிவிட்டால் புதுசு வாங்கு என்றுதான் கடைக்காரர்கள் சொல்வார்கள். அலுமினியப் பைப் நெளியாமல் இருக்கிறதா? அப்படியானால் வாங்காதீர்கள். அந்தக் கிட்டில் தேய்வதும் வெடிப்பதும் ரப்பர்தான். அதற்கு மாற்று சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் துண்டு கணக்கில் கிடைக்கிறது. ஆனால் அளவு சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக எதையும் மாட்டிவிட முடியாது. நான் மாட்டிப் பார்த்தவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

என் வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். முன்னால் வைத்திருந்தவர் மாட்டிய ஷார்ட் ராம் இன்டேக் (குட்டையான பைப் வைத்தது) அதில் இருக்கிறது. ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டதால் எந்தக் கம்பெனி என்று தெரியாது. ஒரு அலுமினியப் பைப், நுனியில் கூம்பு ஃபில்டர், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பக்கம் பைப்பை இணைக்கும் ஒரு ரப்பர் கப்ளர், இன்ஜின் தலைமேல் இருக்கும் டேப்பட் கவரிலிருந்து எண்ணெய் ஆவியைக் கொண்டுவரும் ப்ரீத்தர் ஹோஸ், பைப்பைத் தாங்கும் ஒரு பிராக்கெட். அவ்வளவுதான் கிட். பைப்பின் வெளி விட்டம் 63 மி.மீ.

பிரச்சினை இருப்பதை இந்த வண்டி வெளியே காட்டாது. இந்த இன்ஜினில் காற்றின் அளவைக் கணக்கிட த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் இருந்து காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் உதவுகிறது. த்ராட்டிலுக்கு முன்னால் எங்கே ஓட்டை விழுந்தாலும் சென்சார் கணக்கு மாறாது, ஐடிலிங் ஆடாது, செக் இன்ஜின் விளக்கும் எரியாது. உள்ளே போகும் காற்றையே நேராக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி என்றால் கதையே வேறு. சென்சாருக்குப் பின்னால் வெடிப்பு விட்டால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும், பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும், P0171 என்ற பிழைக் குறியீடு பதிவாகும். அந்த வண்டிக்காரர்களுக்காவது எச்சரிக்கை கிடைக்கிறது. சிட்டி மாதிரி வண்டியில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி சத்தமில்லாமல் இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கும். ரோட்டுத் தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல்துகள். அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும், பிறகு ஆயில் குறையும், புகை வரும். இருபது வயது தாண்டிய இன்ஜினுக்கு நான் செய்யும் முதல் மரியாதை அதற்குச் சுத்தமான காற்று கொடுப்பது.

ஆகவே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழற்றிப் பாருங்கள். என் கப்ளர் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தியதும், அது அழுத்திக்கொண்டிருந்த தடத்தில் ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகிக் கிடந்தது. நகத்தை வைத்து அழுத்தினால் கறுப்புத் துகளாக உதிர்ந்தது. வளைவில் மூன்று வெடிப்புகள், ஒன்று உட்புறம் வரை போயிருந்தது. பைப்புக்குள் வெள்ளை பனியன் துணியை விட்டுத் துடைத்தேன். ஃபில்டர் பக்கம் துணி சுத்தமாக வந்தது. கப்ளர் பக்கம் செம்மண் நிறத்தில் ஒரு கோடு, வெடிப்பில் மெல்லியதாகத் தொடங்கி த்ராட்டில் வரை விசிறியாக விரிந்திருந்தது. இதற்கு மேல் வேறு சாட்சி வேண்டாம்.

முதலில் எல்லோரும் சொல்லும் பிவிசி பைப். விவசாயத்துக்கு விற்கிற பிவிசியில் 63 மி.மீ. வெளி விட்டம் ஒரு வழக்கமான அளவு என்பதால் இன்டேக் பைப்புக்குப் பதிலாக அச்சு அசலாகப் பொருந்தும். விலையும் மிகக் குறைவு. பலர் பெயின்ட் அடித்து மாட்டியே ஓட்டுகிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண பிவிசி 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். கத்திபாரா நெரிசலில் மே மாத மதியம் நிற்கிற வண்டியின் பானெட்டுக்குள் அந்தச் சூடு அபூர்வமில்லை. பைப் உருகிக் கீழே விழாது. கிளிப் இறுக்கிய இடம் மெதுவாக உள்வாங்கி முட்டை வடிவமாகும், கிளிப் லூசாகும், ஓட்டை புதிய இடத்துக்கு மாறும். சுடுதண்ணீர் லைனுக்கு வரும் சிபிவிசி இதைவிடத் தாங்கும், என்றாலும் அலுமினியம் கையில் இருக்கும்போது அதற்கும் தேவையில்லை. ஆனால் ஒரு அடி 63 மி.மீ. பிவிசியும் அதற்கான எண்ட் கேப்பும் வாங்கி வையுங்கள். காற்றுக் கசிவைச் சோதிக்க அது அருமையான அடைப்பான். கீழே சொல்கிறேன்.

அடுத்தது லாரி ரேடியேட்டர் ஹோஸ். புதுப்பேட்டையில் கேட்ட அளவுக்கு அறுத்துத் தருகிறார்கள், நான் வாங்கிய துண்டு 180 ரூபாய். உள்ளே துணிப்பின்னல் வைத்தது, சூட்டுக்கு அசையாது. குறை அதன் முரட்டுத்தனம்தான். கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் இன்ஜின் மவுன்ட்டில் முன்னும் பின்னும் சாயும், த்ராட்டில் பாடியும் கூடவே சாயும். பைப்போ பாடியில் போல்ட் போட்ட பிராக்கெட்டில் அசையாமல் நிற்கிறது. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளத்தான் கம்பெனி இன்டேக்கில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்திருப்பார்கள். முரட்டு ஹோஸ் மடங்காது. இழுவை முழுவதும் பிராக்கெட் வெல்டுக்குப் போகும், என் பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டதும் ஹோஸைக் கழற்றிவிட்டேன். ஊரை விட்டு வெளியே மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இது போதும். நிரந்தரமாக வேண்டாம்.

நான் நிரந்தரமாக வைத்திருப்பது சிலிகான் கப்ளர், நாலு அடுக்கு பாலியெஸ்டர் வைத்தது. ஜி.பி. ரோட்டில் 450 ரூபாய். பொதுவாக 150 டிகிரிக்கு மேலும் தாங்கும், மெத்தென்று வளையும், த்ராட்டிலின் ஆட்டத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அறுத்த முனையைத் திருப்பிப் பார்த்தால் துணி அடுக்குகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடுக்கே இல்லாத பளபள நீலக் குழாயும் அதே பெயரில் விற்கிறது, அதை விரலால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். அடுத்தது கிளிப். சாதாரண ஹோஸ் கிளிப்பின் பட்டையில் இருக்கும் திருகுப் பற்கள் சிலிகானைக் கடித்துத் துளை போடும். உட்புறம் மழமழவென்று இருக்கும் கிளிப்போ, டி-போல்ட் கிளாம்ப்போ கேளுங்கள். ஒரு கிளிப்புக்கு அறுபது எழுபது ரூபாய் கூடும். கொடுக்கலாம்.

இனி ப்ரீத்தர் ஹோஸ். இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்குப் பிடித்த பாடம் இங்கேதான் கிடைத்தது. ஹீட்டர் ஹோஸ் ஒன்றை எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் இருந்த பெரியவர், “எதுக்கு சார் இது?” என்றார். டேப்பட் கவரிலிருந்து இன்டேக்குக்கு என்றேன். “தண்ணிக்கு உள்ள ரப்பர் சார் இது. ஆயில் காத்து பட்டா உப்பி, கொழகொழன்னு ஆயிடும். இதைப் புடிங்க” என்று டீசல் லைனுக்குப் போடும் கறுப்பு ஹோஸை எடுத்துக் கொடுத்தார். “அப்போ சிலிகான் போடலாமா பாய்?” என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் ஈபிடிஎம் ரப்பர். தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை, எண்ணெய் பட்டால் ஊதிவிடும். வெறும் சிலிகானும் எண்ணெயை உள்ளே விட்டுக் காலப்போக்கில் இளகும். எண்ணெய் ஆவிக்கு நைட்ரைல் ரப்பர்தான். மீட்டர் 120 ரூபாய்க்கு வாங்கினேன், இப்போதும் கையில் கறுப்பு ஒட்டாமல் இருக்கிறது. விற்பதைவிட மாட்டுகிற இடம் என்ன என்று கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ப்ரீத்தர் ஹோஸ் வந்து சேரும் பைப்பின் நிப்பிளும் ஆடிக்கொண்டிருந்தது. எம்-சீல் வைத்து அப்பிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். ஃபில்டருக்குப் பின்னால், இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் இடம் அது. அங்கே எது உதிர்ந்தாலும் நேராக வால்வுக்குத்தான் போகும். பைப்பைக் கழற்றி, துளையில் மரை எடுத்து, கம்ப்ரசர் ஃபிட்டிங் கடையில் வாங்கிய பித்தளை நிப்பிளைத் திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு வெளியிலிருந்து முடுக்கினோம். உட்புறம் நட் வைக்கவில்லை, லூசானால் விழுவதற்கு உள்ளே ஒன்றுமே இருக்கக் கூடாது. அலுமினியச் சீவல் ஒன்றுகூட மிஞ்சாதபடி பைப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகுதான் மாட்டினோம்.

பிராக்கெட் புஷ்ஷுக்கு பைக்கின் பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் வரும் ரப்பர் புஷ் போதும். இன்ஜின் சூடு ஃபில்டரில் படாமல் தடுக்க வைக்கும் ஹீட் ஷீல்டுக்கு ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகடு, ஓரத்தில் கதவு பீடிங். போர்டு கடையில் மிஞ்சும் ஏசிபி ஷீட்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதன் நடுவில் இருப்பது பிளாஸ்டிக், இன்ஜின் பக்கத்தில் அதை வைக்காதீர்கள்.

கூம்பு ஃபில்டரின் கழுத்து ரப்பர் இறுகி வெடித்திருந்தால் அதற்கு ஒட்டு வேலையே வேண்டாம். ஃபில்டரை மாற்றுங்கள். சிலிகான் பேஸ்ட் பூசி மூடிப் பார்த்தவர்களின் பைப்பையும் நான் துடைத்துப் பார்த்திருக்கிறேன், செம்மண் கோடு அப்படியே இருந்தது. புதுசே வாங்கிக் காசு செலவழிக்க வேண்டிய இடம் இது.

சோதனை முறை சுலபம். இன்டேக்கை முழுசாகக் கழற்றி, ஃபில்டரை எடுத்துவிட்டு, பைப் வாயில் தடித்த பாலித்தீன் வைத்து பழைய சைக்கிள் ட்யூப் வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். கப்ளர் வாயில் அந்தப் பிவிசி துண்டும் எண்ட் கேப்பும். ப்ரீத்தர் நிப்பிள் வழியாகக் கால் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. கம்ப்ரசர் காற்றைத் திறந்து விடாதீர்கள், கப்ளர் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

பவர் கூடியதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. ரிப்பேருக்கு முன்னும் பின்னும் இழுவை ஒன்றுதான், நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் வரும் அந்த உறுமல் மட்டும் இப்போது சீறல் கலக்காமல் வருகிறது. பம்பருக்குப் பின்னால் ஃபில்டரைத் தாழ இறக்கும் நீளமான கிட் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதைக் கழற்றிவிட்டு ஒரிஜினல் பாக்ஸை மாட்டிவிடுங்கள். சென்னையில் முட்டளவு தண்ணீரில் அந்த ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும், கனெக்டிங் ராடு வளையும். அதை எந்த ரப்பரும் தடுக்காது.

மொத்தத்தில் சிலிகான் கப்ளர், நைட்ரைல் ஹோஸ், நல்ல கிளிப் மூன்றுக்கும் என் முழு ஆதரவு. ரேடியேட்டர் ஹோஸ் அவசரத்துக்கு. பிவிசி சோதனைக்கு மட்டும். புதுக் கப்ளர் முதல் சில சூட்டில் கொஞ்சம் அமுங்கும் என்பதால், ஒரு வாரம் ஓட்டிவிட்டு இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளிப்புகளை இன்னும் கால் திருப்பு முடுக்கிவிடுங்கள்.