உயிர் எப்படியும் தகவமைத்துக்கொள்ளும் என்றால், நாம் செய்யும் சேதம் ஒரு பொருட்டா?

சுற்றுச்சூழல் சேதம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கட்டத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்: "பூமி இதைவிடப் பெரிய அடியெல்லாம் பார்த்தாயிற்று. உயிர் எப்படியாவது தகவமைத்துக்கொள்ளும். எதற்கு இவ்வளவு பதற்றம்?" எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோபப்படுகிறார்கள், பதில் சொல்வதில்லை. நானும் எதிர்த்தரப்புதான். ஆனால் இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் வெறும் கோபம் போதாது.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்த்துவிடலாம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய சைபீரியப் பகுதியில் எரிமலைகள் மிக நீண்ட காலம் எரிமலைக் குழம்பைக் கக்கின. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்தன. உயிர் அதையும் தாண்டி வந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோவில் ஒரு விண்கல் விழுந்தது. டைனோசர்கள் போய் பாலூட்டிகளுக்கு வழி திறந்தது. இன்னும் பின்னால் போனால், 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்கள் வெளியேற்றிய ஆக்சிஜன் என்னும் கழிவு அன்றைய பல உயிர்களுக்கு நஞ்சு. அந்த நஞ்சு இல்லாமல் நாம் இல்லை.

இன்றைக்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் கில்லி என்னும் சிறு மீன், தொழிற்சாலைக் கழிவு ஊறிய சேற்றில் வாழ்கிறது. தன் இனத்தின் மற்ற மீன்களைக் கொல்லும் அளவைப்போல் 8,000 மடங்கு வரை நஞ்சை அதனால் தாங்க முடிகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டுதான் ஜப்பானில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்னும் பாக்டீரியா ஒன்றைப் பற்றிய செய்தியும் வந்தது. முதல் தரப்பு கனவு காணவில்லை, கண்ணால் காண்பதைத்தான் சொல்கிறது.

சரி, இனி இரண்டாவது தரப்பு. அதன் முதல் ஆயுதம் காலம். அந்த 25 கோடி ஆண்டுக்கு முந்தைய அழிவிலிருந்து உயிர்ச்சூழல் முழுதாகத் தேற ஒரு கோடி ஆண்டு வரை பிடித்திருக்கலாம் என்பது கணிப்பு. மனித இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டு ஆகிறது. நம் மொத்த வரலாற்றைப்போல் முப்பது மடங்குக்கு மேல் காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஆறுதல் யாருக்கு?

வேகத்தையும் பார்க்க வேண்டும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி ஐந்து டிகிரிக்கு மேல் சூடேறிய காலம் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான கார்பன் காற்றில் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாம் தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடை 420-க்கு மேல் கொண்டுவந்திருக்கிறோம். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி ஒரு மனித ஆயுளுக்குள் நடந்தது.

இருந்தாலும் இந்த விவாதத்தின் முடிச்சு காலத்தில் இல்லை, ஒரு சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தகவமைத்துக்கொள்ளும் என்கிறோம். அந்தக் 'கொள்' நம்மை ஏமாற்றுகிறது. குளிருக்குப் போர்த்திக்கொள்வதுபோல, அந்த உயிரே தன்னை மாற்றிக்கொண்டது என்று காதில் விழுகிறது. பரிணாமத்தில் நடப்பது அதுவல்ல. ஒரு கூட்டத்தில் சிலவற்றுக்குத் தற்செயலாகத் தாங்கும் தன்மை இருக்கிறது. மற்றவை சாகின்றன, அல்லது குட்டி போடாமல் முடிந்துபோகின்றன. மிஞ்சியவற்றின் பிள்ளைகளைப் பார்த்து 'இந்த இனம் தகவமைத்துக்கொண்டது' என்று எழுதுகிறோம். அந்தத் துறைமுகங்களிலும் எந்தக் கில்லியும் நஞ்சைப் பழகிக்கொள்ளவில்லை. தாங்காத மீன்கள் எல்லாம் செத்த பிறகு இருப்பவைதான் இன்று நீந்துபவை.

இப்படி யோசித்தால் தகவமைப்புக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகிவிடும். எண்ணிக்கை வேண்டும், உள்ளுக்குள் வேறுபாடு வேண்டும், தலைமுறைகள் சீக்கிரம் மாற வேண்டும். கில்லிக்கு மூன்றும் இருந்தன. முதுகெலும்பு உள்ள விலங்குகளில் அவ்வளவு மரபணு வேறுபாடு கொண்டவை குறைவு.

பாறு கழுகுக்கு அவை இல்லை. அது ஆண்டுக்கு ஒரே முட்டை இடும், முட்டையிடும் வயதை எட்டவே ஐந்து ஆண்டு ஆகும். 1990-களில் மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் வலிமருந்து பரவலாகக் கொடுக்கப்பட்டது. இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பாறுகளில் வெண்முதுகுப் பாறு சுமார் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்றாகிவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்படும்போது ஏறக்குறைய எல்லாம் முடிந்திருந்தது.

அங்கேயும் உயிர் வெற்றிடத்தை விட்டுவைக்கவில்லை. பாறுகள் போன இடத்துக்கு நாய்கள் வந்தன, பெருகின. கூடவே வெறிநாய்க்கடியும் அழுகிய பிணங்களின் கிருமிகளும். பாறுகள் போனதால் இந்தியாவில் ஐந்தே ஆண்டுகளில் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் மனிதர்கள் இறந்தார்கள் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உயிர் சமாளித்துவிட்டது என்று இதைச் சொல்லலாம், தவறில்லை. அதைச் சொல்லும்போது என் வாய் கசக்கிறது.

தகவமைந்து தப்பியவை எந்த நிலையில் தப்பின என்பதை முதல் தரப்பு கேட்பதே இல்லை. மொசாம்பிக்கின் கொரோங்கோசா வனத்தில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சிய பெண் யானைகளில் தந்தமில்லாதவை முன்பு ஐந்தில் ஒன்றாக இருந்தது, இரண்டில் ஒன்றாகிவிட்டது. கச்சிதமான தகவமைப்பு. ஆனால் அந்த மரபணு மாற்றம் ஆண் கருவை வளரவிடுவதில்லை என்று தெரிகிறது. தண்ணீருக்குத் தோண்டவும் பட்டை உரிக்கவும் இருந்த கருவியும் போயிற்று. துப்பாக்கிக்குத் தப்பியதற்கு யானை கொடுத்த விலை அது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனும் அப்படித்தான். பெரிய மீன்களையே பிடித்துக்கொண்டிருந்ததால் சிறிய உடம்பில், சின்ன வயதில் முட்டையிடுபவையே மிஞ்சின. சிறிய தாய், குறைந்த முட்டை. 1992-இல் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள்; சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். 2024-இல்தான் வணிக மீன்பிடிப்பு மறுபடி திறந்தது, அதுவும் பழைய அளவின் பக்கத்தில்கூட வராமல்.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் மூன்றாவது வாதம் ஒன்று உண்டு: மனிதனுக்குப் பாதிப்பு வந்தால் மட்டும் சேதம் என்று கொள்வோம், மற்றதை விடுவோம். நடைமுறைக்கு இது வசதி. ஆனால் பாறுகள் சாகத் தொடங்கியபோது அது மனிதப் பிரச்சினை என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. கணக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. எது நமக்குத் தேவை என்று முன்கூட்டியே தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்கும் வாதம் இது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

என் தரப்பிலும் ஒரு பிழை இருக்கிறது. பூமியே அழியப்போகிறது என்று சொல்கிறோம். அழியாது. பாக்டீரியாவுக்கு எதுவும் ஆகாது, எலிக்கும் கரப்பானுக்கும் கவலையில்லை. இல்லாத ஆபத்தைச் சொல்லும்போது முதல் தரப்பு ஜெயிக்கிறது. உண்மையான இழப்பு குறிப்பானது: இந்தப் பறவை, இந்தப் பவளத்திட்டு, இந்த மீனை நம்பிய ஊர். ஸ்டெல்லரின் கடற்பசு என்னும் பிரம்மாண்டமான விலங்கு 1741-இல் கண்டறியப்பட்டு 1768-க்குள் இல்லாமல் போனது. கோடி ஆண்டு கழித்து வேறொன்று வரலாம், அது வராது.

தகவமைப்புக்குப் பாடநூல்கள் எப்போதும் காட்டும் இங்கிலாந்தின் அந்துப்பூச்சிக்கு வருவோம். மிளகுத்தூள் தூவியதுபோல் வெளிறிய இறகு. மான்செஸ்டரில் 1848-இல் கறுப்பு வகை பதிவானது. ஆலைப் புகையில் மரங்கள் கறுத்தன, வெளிறியவற்றைப் பறவைகள் எளிதில் கண்டு தின்றன, 1895 வாக்கில் அங்கே நூற்றுக்கு 98 கறுப்பு. முதல் தரப்பு கதையை இங்கே நிறுத்திவிடும். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, புகை குறைந்தது, வெளிறியவை திரும்பின. திரும்ப முடிந்ததற்குக் காரணம், புகை எட்டாத கிராமங்களிலும் காடுகளிலும் அவை அதுவரை உயிரோடு இருந்ததுதான்.