'போர்டு' என்ற சொல்லுக்கு எந்த அகராதி?

ஆங்கிலத்தில் 'போர்டு' என்றால் பலகை, நிர்வாகக் குழு, சாப்பாடு என்று பல பொருள். எந்த அகராதியைப் புரட்டலாம்?

1928இல் நிறைவடைந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி பொருள்களை வரலாற்று முறைப்படி அடுக்குகிறது. முதலில் பலகை. அப்புறம் பலகையால் செய்த சாப்பாட்டு மேசை, அதில் பரிமாறும் சாப்பாடு. நம் ஊர் விடுதி வாசலில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருக்கிறதே, அந்த போர்டிங் இந்தச் சாப்பாடுதான். மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுத்தவர்களும் போர்டு ஆனார்கள். கப்பலின் பக்கவாட்டுக்கும் இதே பெயர் இருந்தது. விமான நிலையத்தில் வாங்கும் போர்டிங் பாஸ் அந்தக் கிளையில் வந்தது. எவ்வளவு அழகாகக் கிளைத்திருக்கிறது!

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி வேறு மாதிரி. எளிய சொற்களில் விளக்கம், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அவசரத்துக்கு மிக நல்லது.

நாளைக்குத் தேர்வு என்றால் இரண்டாவதே போதும். மொழிபெயர்ப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலாவதைத்தான் சொல்வேன். கிளைத்த வழி தெரிந்துவிட்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். என்ன, 1989 பதிப்பு 20 தொகுதிகள், விலையும் அதிகம். சந்தா கட்டியிருக்கும் நூலகம் இருந்தால் அதன் வழியாக இணையத்தில் படிக்கலாம்.