பழைய லாரிக் கதவுக்கு உள்பலகை: பிளைவுட்டா, அலுமினியமா?

காரைக்குடியில் பழைய டாடா 407 ஒன்றில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். டிரைவர் பக்கம் 6 மி.மீ. மரைன் பிளைவுட், கிளீனர் பக்கம் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், சதுர மீட்டருக்கு 4 கிலோ.

பிளைவுட்டில் வேலை சுலபம். பழைய பலகையை மேலே வைத்துக் கோடு போட்டு அறுத்து, ஃபோம் ஒட்டி, ரெக்ஸினை இழுத்துப் பின்னால் ஸ்டேப்ளர் அடித்தால் முடிந்தது. தகட்டில் பசைதான் கதி. செட்டிநாட்டு வெயிலில் சாதாரணப் பசை இளகி ஓரம் தூக்கும். கடகடவென்று சத்தம் வேறு.

ஆனால் கண்ணாடி இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கும். அலுமினியத்துக்கு அது பொருட்டில்லை. பிளைவுட்டுக்கு அறுத்த ஓரங்களில் வார்னிஷ், பின்னால் பாலித்தீன் தாள் கட்டாயம். அந்தப் பொறுமை இருந்தால் என் ஓட்டு பிளைவுட்டுக்கே. வீட்டில் பர்மா தேக்கு கிடக்கிறதே என்கிறீர்களா? அது கதவுக்கு ஏற்ப வளையாது.