நாக்குக்கடியில் தினம் ஒரு மருந்து: மும்பை மையத்துக்கு அஞ்சில் மூணரை

போதைப் பழக்கத்திலிருந்து மீள தினமும் மாத்திரை கொடுக்கிற ஒரு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சுக்கு மூணரை. மருந்துக்கும் நர்ஸுக்கும் மட்டும் என்றால் முழு மார்க்கே போட்டிருப்பேன். கொரோனா சமயத்தில் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மாத்திரையைப் பிறகு நிறுத்திவிட்டார்கள், அதற்கு ஒன்று குறைத்தேன். மிச்ச அரை எதற்கு என்று கீழே சொல்கிறேன். மையத்தின் பெயரைப் போடப் போவதில்லை. என் தம்பி நாளைக் காலையிலும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். சயானிலிருந்து பெஸ்ட் என்கிற மாநகர பஸ்ஸில் போகிற தூரம். தாராவி, கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விலாசம் தேவைப்படாது.

தம்பிக்கு கர்த், அதாவது பிரவுன் சுகர் என்கிற மட்டமான ஹெராயின் பழக்கம். ஆரம்பத்தில் ஃபாயிலில் வைத்துப் புகையை இழுத்தவன், அப்புறம் ஊசிக்குப் போனான். ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பணம் கட்டி, நகரத்துக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் விட்டோம். போன் பேச விடமாட்டார்கள், மருந்து கிடையாது, காலையும் மாலையும் பிரார்த்தனை மட்டும் உண்டு. வெளியே வந்த வாரத்திலேயே பழைய அளவைப் போட்டுக்கொண்டு ரூமில் விழுந்து கிடந்தான். அம்மா அதைக் குறட்டை என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஓவர்டோஸை முறிக்கிற நலாக்ஸோன் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

நான் மெடிக்கல் ஷாப்பில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கிறவள், அதனால் காரணம் உடனே புரிந்தது. சில மாதம் போதையில்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஜெயிலிலிருந்தோ இப்படிப்பட்ட இல்லத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்தான காலம். அதை வீட்டாரிடம் சொல்லி அனுப்பாத இடத்துக்கு நான் மார்க்கே போடமாட்டேன்.

இந்த மையத்துக்கு எங்களைக் கூட்டிவந்தது அவர்களுடைய அவுட்ரீச் பையன், அதாவது வெளியே போய் ஆட்களைப் பார்த்துப் பேசுகிறவன். திருநெல்வேலிக்காரன், ஒரு காலத்தில் அவனும் கர்த் அடித்தவன்தான். “அக்கா, விடு விடுன்னு அவன்கிட்ட சண்ட போடாதீங்க. ஒரு தடவ மட்டும் கூட்டிட்டு வாங்க, மிச்சத்த டாக்டர் பாத்துக்குவாரு” என்றான். டாக்டர் முதல் நாளே மாத்திரை கொடுத்துவிடவில்லை. நடுக்கமும் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கிய பிறகு வா என்றார். அது சரியான வழிதான். அவர்கள் கொடுக்கிற மாத்திரையான புப்ரெனார்ஃபின் மூளையில் கர்த் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். போதை இறங்குவதற்கு முன்னால் கொடுத்தால் அவஸ்தை மொத்தமும் ஒரேயடியாக வந்துவிடும்.

மருந்து கொடுக்கும் முறையைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஜன்னலில் அட்டையைக் கொடுத்தால் சிஸ்டர் ரெஜிஸ்டரைப் பார்த்து மாத்திரையை எடுப்பார். முழுசாகக் கொடுக்கமாட்டார், பொடி பண்ணி நாக்குக்கடியில் போடுவார். முழு மாத்திரை என்றால் வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்றுவிடலாமே. அப்புறம் எதிரே பெஞ்சில் உட்கார வேண்டும். பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது, தண்ணி குடிக்கக்கூடாது. விழுங்கிவிட்டால் மருந்தில் பெரும்பகுதி வீண். அஞ்சு பத்து நிமிஷம் அந்தக் கசப்பை வாயில் வைத்துக்கொண்டு எட்டுப் பத்துப் பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மும்பையில் இவ்வளவு அமைதியான கியூவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கரைந்த பிறகு சிஸ்டர் “அண்ணா, தோண்ட் உகடா” என்று மராத்தியில் சொல்ல, ஒவ்வொருவராக வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். எல்லாமே இலவசம். ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கிற அரசுத் திட்டத்தில் இது வருகிறது.

பலன்? தம்பி டெம்போ ஓட்டுகிறான். எனக்கு அது போதும். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே” என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். சர்க்கரைக்கு ஆயுசு முழுக்க ஊசி போட்டுக்கொள்ளும் பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார், அவரிடம் என்ன பேசுவது.

இப்போது குறைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தது, லோக்கல் ரயில் நின்றது. ஏப்ரலில் தாராவியை அடைத்தார்கள். தினமும் மையத்துக்குப் போகிற வழியே இல்லை. அப்போதுதான் இந்தியா முழுக்க இப்படிப்பட்ட மையங்களில் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆனது. எங்கள் அவுட்ரீச் பையன் மாஸ்க் போட்டுக்கொண்டு சந்து முனை வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தான். நான் ஒவ்வொரு மாத்திரைக்கும் தனிப் பொட்டலம் கட்டி, ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி, அம்மாவின் நகை இருக்கிற பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. குழந்தை ஒன்றை வாயில் போட்டாலே மூச்சு நின்றுவிடக்கூடிய மருந்து இது. தம்பி அந்தக் காலம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்டான். நிலைமை சரியானதும் பழையபடி தினமும் வரச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், “வீட்டுக்குக் கொடுத்தால் வெளியே விற்பார்கள், ஓவர்டோஸ் ஆகும்” என்கிறார்கள்.

அந்தப் பயத்தைக் கேலி செய்யவில்லை. ஆனால் இதே கேள்வியை அமெரிக்காவில் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். அங்கே இதே பழக்கத்துக்குக் கொடுக்கிற மெத்தடோன் என்ற மருந்துக்காக விடியற்காலையில் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்பார்கள். 2020 மார்ச் நடுவில், நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரைக்கும், மற்றவர்களுக்கு 14 நாள் வரைக்கும் மருந்தை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அரசு தளர்த்தியது. அதே காலத்தில்தான் அங்கே போதைமருந்து ஓவர்டோஸ் சாவு பயங்கரமாக ஏறியது. 2019இல் 70,630 பேர், 2020இல் 91,799 பேர், 2021இல் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் மேல். மேலோட்டமாகப் பார்க்கிறவர் வீட்டுக்குக் கொடுத்ததால் வந்த வினை என்றுதான் சொல்வார்.

ஆராய்ச்சியாளர்கள் இறப்புப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 2022இல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் வந்த கட்டுரை அது. 2020 மார்ச்சில் மெத்தடோன் சம்பந்தப்பட்ட சாவும் ஒரு தடவை எகிறியிருக்கிறது, ஆனால் அந்த மாதம் மற்ற சாவுகளும் சேர்ந்தே எகிறின. அதற்குப் பிறகு மற்றவை ஏறிக்கொண்டே போக, மெத்தடோன் கணக்கு மட்டும் ஏறாமல் நின்றுவிட்டது. மொத்த ஓவர்டோஸ் சாவில் மெத்தடோனின் பங்கு 2019இல் 4.5 சதவீதம், 2021இல் 3.2 சதவீதம். ஆளைக் கொன்றதில் பெரும்பங்கு திருட்டுச் சந்தையில் விற்கிற ஃபென்டனில் என்ற வீரியமான செயற்கைப் போதைமருந்துக்குத்தான். அதோடு தனியாக அடைபட்டுக் கிடந்ததும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் ஆளில்லாமல் ஊசி போட்டுக்கொண்டால் உதடு நீலமாவதைப் பார்ப்பதற்கு யார் இருப்பார்கள்? 2024இல் அமெரிக்க அரசு அந்தத் தளர்வை நிரந்தர விதியாகவே ஆக்கிவிட்டது.

இந்த மாதிரிப் பதிவுகளில் செத்தவர் உடம்பில் இருந்த மெத்தடோன் கிளினிக்கில் கொடுத்ததா, வலிக்கு எழுதிக் கொடுத்ததா, தெருவில் வாங்கியதா என்று தெரியாது, அதனால் இதை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் ஊரில் தெருச் சரக்கும் வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெத்தடோனைவிட புப்ரெனார்ஃபின் மூச்சுக்குப் பாதுகாப்பானது. ஒரு அளவுக்குமேல் எவ்வளவு போட்டாலும் மூச்சை அடக்குவது அதே விகிதத்தில் கூடாது. (குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் கதை மாறும், அதை மறக்காதீர்கள்.) அங்கே ஆபத்து அதிகமான மருந்தையே 28 நாளுக்கு நம்பிக் கொடுக்கிறார்கள். இங்கே டெம்போ டிரைவர் ஒருவன் ஒரு வாரத்து மாத்திரை கேட்டால் சந்தேகம். காலையில் கியூவில் நின்றால் மார்க்கெட் லோடு அடுத்தவனுக்குப் போய்விடும். லோடு போகிறதே என்று நாலு நாள் வராமல் இருந்து, அஞ்சாம் நாள் கர்துக்கே திரும்பியவர்களை அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்த அரை மார்க் நலாக்ஸோனுக்கு. மையத்தில் அதன் ஆம்பூல், அதாவது ஊசி மருந்துக் குப்பி இருக்கிறது, வீட்டாருக்குக் கொடுப்பதில்லை, எப்படிப் போடுவது என்று காட்டித் தருவதும் இல்லை. அமெரிக்காவில் 2023இலிருந்து மூக்கில் அடிக்கிற நலாக்ஸோனைச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். நான் வேலை பார்க்கும் கடையில் 0.4 மில்லிகிராம் ஆம்பூலைச் சீட்டோடு வந்து கேட்டால்தான் வரவழைத்துக் கொடுப்போம். ஓவர்டோஸ் அதுவரை காத்திருக்காது. சிஸ்டரிடமே கேட்டேன். “நீங்க கேக்கறது நியாயம்தான், மேலேர்ந்து ஆர்டர் வரணும்” என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இல்லத்தில் கற்றுத்தராததை நான் சொல்லிவிடுகிறேன். கர்த் பழக்கம் உள்ளவர் எழுப்பினால் எழவில்லை, மூச்சு கொரகொரவென்று இழுத்து இழுத்து வருகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு நின்று நின்று வந்தால் வாயில் வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், மூச்சு வந்தபின் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், உப்புத்தண்ணி என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நலாக்ஸோன் போட்டு எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளப்பாதீர்கள். அது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும், உள்ளே இருக்கிற சரக்கு அதற்குமேலும் நிற்கலாம்.

மற்றபடி கவுன்சிலர் மேடம் பொறுமைசாலி, இந்தியில்தான் பேசுவார், தமிழ் வேண்டுமென்றால் அவுட்ரீச் பையனைக் கூப்பிடுவார்கள். கழிப்பறை மோசம். பெண் பேஷண்ட் யாரும் வருவதில்லை, அந்த பெஞ்சைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி ஓபியாய்டு, அதாவது கர்த் மாதிரியான அபின் வகைப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர், அதனால் கூட்டம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது, நேரம் மட்டும் குறைவு. முதல் தடவை போகிறவர்கள் வீட்டு ஆள் ஒருவரோடு போனால் அட்டை போடுகிற வேலை சீக்கிரம் முடியும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு டாக்டரைப் பார்க்க மதியம் ஆகிவிடும்.