ஜெர்டனா ஹ்யூமா, யாரை முதல்ல படிக்கலாம்?

19ஆம் நூற்றாண்டுல இந்தியப் பறவைகளப் பத்தி எழுதுன வெள்ளைக்காரங்க இந்த ரெண்டு பேருல, கூந்தன்குளம் சரணாலயம் பக்கம் பறவை பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு ஜெர்டனுக்குத்தான். மெட்ராஸ் பட்டாளத்துல டாக்டரா இருந்தவரு, தென்னாட்டுல அலைஞ்சு திரிஞ்சு 1862-64ல இந்தியப் பறவைகள் பத்தி புக் போட்டாரு, ஜனங்க கூப்பிடுற பேரையும் சேத்தே எழுதிருக்காரு. நாங்குநேரி பக்கம் உடைமர உச்சியில இருந்து எழும்பி, றெக்கைய விரிச்சு காலைத் தொங்கவிட்டு பாடிக்கிட்டே இறங்குமே ஒரு வானம்பாடி, அது இவர் பேருல உள்ளதுதான்.

ஹ்யூமும் பெரிய ஆளு, காங்கிரஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 1885ல சுமார் 80,000 பறவை ஸ்பெசிமன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு குடுத்தாரு, ஆனா சிம்லா வீட்டுல இருந்த அவரோட பறவை புக் கையெழுத்துப் பிரதிய பழைய பேப்பர்னு வித்துட்டாங்க, நெனச்சாலே வயிறு எரியுது. அவர் 1872ல தொடங்குன 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்'ங்கிற பறவைப் பத்திரிகைய ஜெர்டனுக்கு அப்புறம் எடுங்க, பல ஊர்ல இருந்து வந்த குறிப்பு அதுல நெறைய கெடக்கு.