பால் ஊற்றாமல் ஒரு முறை: நீலகிரி, அசாம், டார்ஜிலிங், சிலோன்

சேலத்தில் யாரிடம் போய் நல்ல டீத்தூள் எது என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். நன்றாகச் சாயம் இறங்கணும், பால் ஊற்றினால் செக்கச்செவேலென்று நிற்கணும், தொண்டையில் கொஞ்சம் பிடிக்கணும். பால் டீக்கு இதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இதே அளவுகோலை எல்லா டீக்கும் வைத்து, நீலகிரி இலை டீயைச் சப்பென்று இருக்கும் என ஒதுக்கிவிட்டு, பல மடங்கு விலை கொடுத்து டார்ஜிலிங் வாங்கி வந்து அதையும் பாலில் போட்டுக் கொதிக்க விடுகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை. பால், சர்க்கரை இல்லாமல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். தினமும் குடிக்கிற கட்டன் டீக்கு நீலகிரிதான் முதலிடம் என்பது என் முடிவு.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பீடு பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப் போகிறது. டீ ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தர முறை 1980-இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் டீ, கொதிக்கும் தண்ணீர், மூடி வைத்து 6 நிமிடம். குடித்து ரசிப்பதற்கான முறை என்று இதைச் சொல்ல முடியாது. டீயில் இருக்கிற நல்லது கெட்டது எல்லாம் வெளியே வரட்டும் என்பதற்காக அவ்வளவு நேரம். வீட்டில் அதே 2 கிராம் கணக்கை வைத்துக்கொண்டு இலை டீக்கு மூன்று, நான்கு நிமிடமும் தூளுக்கு இரண்டு நிமிடமும் விட்டால் போதும். ஸ்பூன் கணக்கு மட்டும் வேண்டாம். ஒரு ஸ்பூன் டஸ்ட், அதாவது பொடித்தூள், நல்ல கனமாக இருக்கும், அதே ஸ்பூன் முறுக்கிய இலை பாதி எடைகூட வராது. ஸ்பூனால் அளந்து போட்டு இலை டீயில் ஸ்ட்ராங்கே இல்லை என்று சொன்னால், அந்தத் தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம் தண்ணீர். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வீட்டில் மேட்டூர் தண்ணீர் ஒரு குடம், போர் தண்ணீர் ஒரு குடம் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். போர் தண்ணீரில் பிளாக் டீ போட்டு இரண்டு நிமிடம் மேசையில் வைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய ஏடு மாதிரி ஒரு படலம் படரும், டம்ளரைச் சாய்த்தால் அது துண்டு துண்டாக விரிசல் விடும், குடித்து முடித்த பிறகு டம்ளரின் உள்பக்கம் பழுப்பு வளையமாக ஒட்டியிருக்கும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலோடு சேர்ந்து செய்கிற வேலை அது. நிறமும் கலங்கிக் கறுத்துவிடும், வாசனை அடங்கிவிடும். கடினத் தண்ணீரில் முதலில் அடிபடுவது மென்மையான டீதான். அசாம் ஓரளவு தாங்கும், டார்ஜிலிங் தாங்கவே தாங்காது. கேன் தண்ணீரில் டீ பளிச்சென்று தெரியும், ஆனால் எனக்கு ருசி கொஞ்சம் வெறுமையாகப் படுகிறது. மேட்டூர் தண்ணீரை வடிகட்டிப் புதிதாகக் கொதிக்க வைத்தால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

இனி தூளா இலையா என்பதற்கு வருவோம். நம் டீக்கடைகளில் ஓடுவது முழுக்க டஸ்ட். பாய்லர் பக்கத்தில் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் அடுத்த நொடியே சாயம் இறங்கும், ஒரு கிலோவில் அதிக டீ வரும், கடைக்கு அதுதான் கட்டுப்படியாகும். இந்தத் தூள் சிடிசி முறையில் வருவது. 1930-இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கிய இயந்திரம் அது; பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். இலை முழுவதும் கிழிந்துவிடுவதால் காற்று பட்டு வேகமாக மாறும், சாயம் வேகமாக இறங்கும், மென்மையான வாசனைகள் நிறையப் போய்விடும். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை வாட்டி, முறுக்கி, நிதானமாகப் புளிக்க விட்டு உலர்த்துகிறார்கள். அதனால் சிடிசி நீலகிரியை ஆர்த்தடாக்ஸ் டார்ஜிலிங்கோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ரேஷன் கடைக்கு வருகிற ஊட்டி டீ, நீலகிரியின் சிறு விவசாயிகளுடைய கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் சரக்கு, பால் டீக்கான தூள். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நீலகிரி டீ என்றால் இந்த வகைத் தூள்தான் தெரியும். அதை வைத்து அந்த மலையின் இலை டீயை எடை போட முடியாது.

இப்போது அசாமும் நீலகிரியும். பிரம்மபுத்திராவின் சமவெளியில், பெரிய இலை கொண்ட அசாம் ரகச் செடியில் விளைவது அசாம் டீ. ஜூன் வாக்கில் வரும் செகண்ட் ஃபிளஷ், அதாவது இரண்டாவது பறிப்பு, ஆர்த்தடாக்ஸ் கிடைத்தால் வாங்குங்கள். செம்பு நிறத்தில் கெட்டியாக இறங்கும், வாயில் நிறைந்து நிற்கும், வறுத்த தானியம் போல ஒரு இனிப்பு வாசனை கூடவே வரும். துவர்ப்பு நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும். பால் ஊற்றியதும் அந்தத் துவர்ப்பைப் பாலிலுள்ள கேசின் புரதம் கட்டிப்போட்டுவிடும், ஆனால் டீயின் கெட்டித்தன்மை அப்படியே நிற்கும். பால் டீக்கு அசாமை யாரும் ஜெயிக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். பால் இல்லாமல் குடிக்கும்போது முதல் டம்ளர் பிரமாதமாக இருக்கும், இரண்டாவது டம்ளரில் நாக்கு களைத்துவிடுகிறது.

நீலகிரி இலை டீ இதற்கு நேர் எதிர். சாயம் ஆரஞ்சும் பொன்னும் கலந்த நிறத்தில் தெளிவாக இருக்கும், டம்ளரின் அடி வரை பார்க்கலாம். மூக்கருகே கொண்டுபோனாலே பூ வாசனை வரும், குடித்தால் பழத்தின் மெல்லிய புளிப்பு தட்டும், துவர்ப்பு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அங்கே இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஆண்டு முழுக்க இலை பறிக்கிறார்கள், ஆனால் எல்லா மாதமும் ஒரே தரம் வராது. டிசம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை, குளிரும் வறட்சியும் சேர்ந்து செடியின் வளர்ச்சி மந்தமாகிறபோது பறிக்கிற இலையில்தான் வாசனை உச்சத்தில் இருக்கும். பனிக்காலத்து டீ என்று தனியாகவே விற்கிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லுங்கள், நூறு கிராம் போதும். இதில் பால் ஊற்றினால் வாசனை எல்லாம் போய் வெளிறிய பால் டீதான் மிஞ்சும். சப்பென்று இருக்கும் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் நல்ல ஸ்ட்ராங்காகப் போட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அசாம் கலங்கிப்போகும், சேறு கரைந்த மாதிரி ஆகிவிடும். நீலகிரி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கலங்கிய அசாமைக் கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம், சூடு பண்ணினால் மறுபடியும் தெளிந்துவிடும். டீயிலுள்ள காஃபினும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்கிற பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வதால் வருகிற கலங்கல் அது, சரக்கு கெட்டியானது என்பதற்கு அடையாளம். ஏப்ரல், மே சேலம் வெயிலில் எலுமிச்சையும் ஐஸும் போட்டுக் குடிக்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டில் நீலகிரிதான் சரி என்பேன்.

டார்ஜிலிங் பற்றி எழுதும்போது எனக்கு ஆசையும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. டீயின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தியாவில் புவிசார் குறியீடு முதன்முதலாகக் கிடைத்தது அதற்குத்தான், 2004-இல். சீன ரகச் சிறிய இலை, இமயமலைச் சரிவு, குறைந்த விளைச்சல். மார்ச், ஏப்ரலில் வரும் ஃபர்ஸ்ட் ஃபிளஷை இலையைக் கடுமையாக வாட்டிக் குறைவாகவே புளிக்க விடுகிறார்கள், அதனால் பச்சை நெடியோடு வெளிர் மஞ்சளாக இறங்கும், பிளாக் டீ என்று நம்பவே முடியாது. எனக்குப் பிடித்தது மே, ஜூனில் வரும் செகண்ட் ஃபிளஷ். அதன் மணத்தை மஸ்கட்டெல் என்கிறார்கள், மஸ்கட் திராட்சையின் மணம். அது எப்படி இருக்கும் என்று கேட்டால் நம் ஊரிலேயே விடை இருக்கிறது: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அதே மஸ்கட் குடும்பம்தான். பன்னீர் திராட்சையைக் கடித்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனையை நினைத்துக்கொண்டு டார்ஜிலிங்கை உறிஞ்சிப் பாருங்கள், சட்டென்று பிடிபட்டுவிடும். தத்துப்பூச்சிகள் தளிரைக் கடித்துச் சாறு உறிஞ்சும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற பொருள்களுக்கும் இந்த மணத்தில் பங்கு உண்டு. எரிச்சல் விலையில்தான். நல்ல நீலகிரியைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் பழைய சரக்கு கிடைத்தால் வெறும் துவர்ப்புதான். வருஷத்துக்கு ஒரு பொட்டலம், விசேஷமாக, சரி. தினசரிக்கு வேண்டாம்.

சிலோன் டீ என்று ஒரே பெயரில் சொல்வது அந்தத் தீவின் டீக்கு நியாயமில்லை. உயரமான நுவரெலியாப் பகுதியின் டீ மெல்லியது, கிட்டத்தட்ட நீலகிரிக்கு அக்கா தங்கை. ருகுணை தாழ்வான பகுதி, கறுத்துக் கெட்டியாக இறங்கும். இரண்டுக்கும் இடையில் டிம்புலை. எல்லாவற்றிலும் தனியாக நிற்பது ஊவா. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே வீசுகிற வறண்ட காற்றில் பறிக்கிற இலையில் புதினா தைலம் போன்ற ஒரு குளிர்ச்சி இருக்கும், வேறு எந்த டீயிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. எலுமிச்சை பிழிந்தால் ஊவாவும் டிம்புலையும் நீலகிரியையும் முந்திவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த டீயைக் கையில் எடுக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் அந்தத் தீவின் லூல்கந்துரா தோட்டத்தில் டீ பயிரிட்டார், 1869-இல் வந்த இலைத்துரு நோயில் அங்கே காபி அழிந்து மலை முழுக்க டீ ஆனது. அந்தத் தோட்டங்களை உருவாக்கப் போனவர்களில் பெருங்கூட்டம் அந்நாளைய சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் வழியாகப் போன நம் ஜனங்கள். 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழக அரசு நீலகிரியில் போட்ட தோட்டங்கள்தான் 1976-இல் டான்டீ நிறுவனமானது. நுவரெலியா டீயும் நீலகிரி டீயும் ஒரே மாதிரி ருசிப்பதற்கு உயரமும் குளிரும் காரணம். இரண்டையும் பறித்தது ஒரே மண்ணிலிருந்து போன கைகள் என்பதை எந்த டப்பாவிலும் போடுவதில்லை, போட வேண்டும் என்பது என் ஆசை.

சீனத்து லாப்சாங் சூசாங் பற்றியும் கேட்கிறார்கள். பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. விறகடுப்பு வாசனை பிடித்தவர்கள் வாங்கலாம், நான் திரும்ப வாங்க மாட்டேன்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சேர்வராயன் மலை காபி மலை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காபியும் கூடவே மிளகும்தான் இன்றைக்கும் அங்கே பிரதானம், ஏரிக்கரைக் கடைகளில் விற்கும் டீத்தூள் பெரும்பாலும் மற்ற மலைச் சரக்கு. ஆனால் டீ ருசி பார்க்க அந்த மலை ஒரு நல்ல இடம். சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் சூடு ஏறாது. இந்த நான்கு டிகிரி கணிசமான வித்தியாசம். அதே அசாம் அங்கே மெலிந்துபோகும், ஒரு நிமிடம் கூடுதலாக விட வேண்டும். டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃபிளஷ் மட்டும் கீழே இருந்ததைவிட நன்றாக இருக்கும், துவர்ப்பு குறைந்து பூ வாசனை மேலே நிற்கும். நீலகிரி இரண்டு இடத்திலும் தடுமாறுவதில்லை. அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடக் கடிக்க என்ன என்பதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டுவடை செட்டின் பூண்டுக் காரச் சட்டினிக்கு முன்னால் டார்ஜிலிங், நுவரெலியா எதுவும் நிற்காது, அதற்கு அசாம் பால் டீ. முறுக்கு, வறுத்த கடலை என்றால் ஊவாவோ டிம்புலையோ. நீலகிரிக்கு வெறும் மேரி பிஸ்கட், இல்லையென்றால் எதுவுமே வேண்டாம்.

வாங்கும்போது பொட்டலத்தில் பிஓபி, எஃப்ஓபி, டிஜிஎஃப்ஓபி என்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அது முக்கியமாக இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்வது, ருசிக்கு உத்தரவாதம் கிடையாது. பறித்த மாதமும் பேக் செய்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கடை முகப்பில் வெளிச்சம் படும்படி கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கும் இலை டீயை விட்டுவிடுங்கள். வீட்டில் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா போதும், ஆனால் மசாலா அலமாரியில் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் தனியாக வையுங்கள், டீ எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.